ஒரு தரம்தான் மறுத்தாள்

காலை பதினொரு மணிக்கு, டெஹ்ரானுக்கு வடக்கே ஷெம்ஷக் பனிச்சறுக்கு மலையில் வெயிலும் புதுப்பனியும் சேர்ந்து கண்ணைக் கூசவைத்தன. ஃபர்ஸீனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ராத்திரி பூரா பெஞ்சிருக்கு பாரு பரஸ்தூ. இன்னும் ஒரே ஒரு நாள் இருந்துட்டுப் போலாம்."

அவன் மனைவி சறுக்குக் காலணியின் கொக்கியை மாட்டாமல் உட்கார்ந்திருந்தாள். "மத்தியானம் கிளம்பறதாத்தான பேச்சு? இன்னைக்கு என்ன கிழமைன்னு ஞாபகம் இருக்கா?"

"செவ்வாய். அதுக்கு என்ன?"

"வருஷத்தோட கடைசிச் செவ்வாய். பொழுது சாஞ்சா டெஹ்ரான் பூரா வெடி. கெர்தூ செத்துடுவான்."

கெர்தூ அவர்கள் வீட்டு நாய். வால்நட் ஓட்டின் நிறம், அதனால் அந்தப் பெயர். குக்கர் மூடி கீழே விழுந்தால்கூடக் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிற பிராணி. எங்கள் வருடம் பங்குனியில் முடியும்; அதன் கடைசிப் புதன் பிறப்பதற்கு முந்தைய சாயங்காலம் சந்துக்குச் சந்து தீ மூட்டி அதைத் தாண்டிக் குதிப்பது எங்கள் வழக்கம். தீயைத் தாண்டினால் போதாதா? மருந்தைக் கெட்டித்து, ஆணியைப் போட்டு, கட்டடமே ஆடும்படி வெடித்தால்தான் எங்கள் ஆட்களுக்குப் புதுவருடம் பிறக்கும். ஒவ்வொரு வருடமும் அந்தச் சாயங்காலம் பரஸ்தூ நாயோடு குளியலறையில் உட்கார்ந்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, அதன் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள்.

நாய் வந்த நாளிலிருந்து குளிர்காலம் என்றாலே அந்த வீட்டில் சண்டைதான். போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஊருக்கு வெளியே நாய்களைக் காசுக்குப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தில் விட்டுவிட்டு மலைக்கு வந்தார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தால் விலா எலும்பை எண்ணலாம், காதில் புண். போன வருடம் போகவே இல்லை. ஃபர்ஸீன் மூன்று மாதம் கூடத்தில் உட்கார்ந்து சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு தேய்த்துப் பெருமூச்சு விட்டான். கூடவே கூட்டி வரலாம் என்றால் மலையில் எந்த வீட்டுக்காரனும் நாயை ஏற்றுக்கொள்ள மாட்டான். காரில் நாயை ஏற்றத் தடை, வழியில் மூக்கு தெரிந்தால் போலீஸ் வேறு பிடிக்கும். "நானா, அந்த நாயா, ஒரு முடிவு சொல்லு" என்று இந்த மாசிக் கடைசியில் ஃபர்ஸீன் சிரித்துக்கொண்டே கேட்டான். சிரிப்பு உதட்டோடு சரி.

அந்த வாரத்தில்தான் மாடிப்படியில் முஹ்தஷம் ஐயாவைப் பார்த்தாள். மூன்றாம் மாடிக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இஸ்ஃபஹானில் மகள் வீட்டில். நாயோடு வருகிறவளைப் பார்த்தால் சுவரோடு சுவராக ஒட்டி வழிவிடுவார், ஆனால் முகம் கோணாது. பேச்சுவாக்கில் பரஸ்தூ தன் கஷ்டத்தைச் சொன்னாள்.

"இதுக்கா கவலை? எங்கிட்ட விட்டுட்டுப் போங்கம்மா. அதோட பாதம் என் கண்ணு மேல," என்றார்.

இப்படிச் சொல்வதற்கு எங்களிடம் தாரோஃப் என்று பெயர். டாக்சிக்காரன் காசு வேண்டாம் என்பான், கொடுக்காமல் இறங்கினால் விரட்டி வருவான். ஒருவர் உபசாரமாகச் சொன்னால் மூன்று தரம் மறுக்க வேண்டும். மூன்றாவது மறுப்புக்குப் பிறகும் அவர் விடாமல் நின்றால்தான் அது மெய்யான பேச்சு. பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது.

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்று பரஸ்தூ மறுத்தாள். ஒரு தரம்தான்.

"சிரமமே இல்ல," என்றார் அவர்.

"அப்ப சனிக்கிழமை காலைல கொண்டு வரேன். நீங்க நல்லா இருக்கணும்," என்று சொல்லி, அவர் முகத்தைப் பார்க்காமல் படியேறிவிட்டாள்.

இப்போது மலையில் இருந்து அவருக்குப் போன் போட்டாள்.

"நல்லா இருக்கான்மா. ராஜா மாதிரி தூங்கறான். நீங்க அவசரப்படாம வாங்க."

பின்னால் 'டம்' என்று ஒரு சத்தம். அதை ஒட்டி மெல்லிய ஊளை.

"ஐயா, அங்க வெடி போடறாங்களா?"

"அது டீவிம்மா. ஏதோ சண்டைப் படம்."

அந்த ஊளை யாருடையது என்று பரஸ்தூவுக்குப் புரிந்தது. ஆனால் என்ன செய்தாள் தெரியுமா? நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது. கொக்கியை மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறி இரண்டு தரம் உச்சியிலிருந்து சறுக்கி வந்தாள். பனி அப்படி இருந்தது, பொய் சொல்வானேன். அந்தப் பத்து நிமிடம் அவளுக்கு நாயும் இல்லை, வீடும் இல்லை.

ஒரு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகக் குரல் வந்தது. பத்து நிமிடம் கழித்தும் அதே குரல்.

"சாவியக் குடு," என்றாள் ஃபர்ஸீனிடம்.

"பெரியவர் தூங்கியிருப்பாரு."

"தூங்கினா மணி அடிக்கும். இது அடிக்கவே இல்ல. குடுக்கறியா, இல்ல நடந்தே இறங்கட்டுமா?"

அவன் கட்டைகளைக் காரின் மேல் எறிகிற மாதிரி வைத்துக் கட்டினான். "ஒரு நாய்க்கு இருக்கற மரியாதை எனக்கு இல்ல இந்த வீட்ல."

"இன்னைக்கு இல்லதான்," என்றாள்.

ஒரு மணி நேரப் பாதை. வருடக் கடைசி வாரம், ஊரே சாமான் வாங்கத் தெருவில் நின்றது. ஃபஷம் தாண்டுவதற்குள் மூன்று மணி, லவாஸான் சாலையில் நான்கே முக்கால். அவள் நாற்பது தரமாவது போன் போட்டிருப்பாள். மொட்டை மாடியில் கட்டிப் போட்டிருப்பாரோ? கதவு திறந்தபோது ஓடியிருக்குமோ? வெடிச் சத்தத்தில் ஓடிய நாய் நேராக நெடுஞ்சாலைக்குத்தான் போகும். போன வருடம் பக்கத்துத் தெரு நாய் அப்படித்தான் போய்ச் செத்தது. முஹ்தஷம் ஐயா மேல் கோபம் கோபமாக வந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, வாய் வெந்தா போய்விடும்?

ஊருக்குள் நுழைந்தபோது சூரியன் விழுந்துவிட்டது. அவர்கள் சந்தின் முனையில் ஏழு இடத்தில் தீ. ஜனங்கள் வரிசையாகத் தாண்டிக்கொண்டிருந்தார்கள், கார் போக வழியில்லை. ஒரு வெடியில் கார்க் கண்ணாடி அதிர்ந்தது. பரஸ்தூ கதவைத் திறந்து ஓடினாள்.

மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினாள், இடித்தாள். பதில் இல்லை. வாசலில் செருப்பும் இல்லை. மொட்டை மாடிக்கு ஏறினாள். அங்கே காலித் தண்ணீர்த் தொட்டியும் புகையும்தான். தெருவைப் பார்த்து "கெர்தூ!" என்று கத்தினாள். இன்னொரு வெடி அந்தப் பெயரை விழுங்கியது. இரண்டு தரம் சறுக்கினோமே, அந்த இரண்டு தரம், என்று அழுதபடியே இறங்கினாள்.

தரைக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் விளக்கு எரிந்தது. மூலையில் முஹ்தஷம் ஐயாவின் பழைய வெள்ளைக் கார். ஜன்னல்களை எல்லாம் உள்ளிருந்து கம்பளியால் அடைத்திருந்தது. எஞ்சின் ஓடவில்லை, ரேடியோ மட்டும் அலறியது. கதவைத் திறந்தாள்.

பின் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய கோட்டுக்குள் கெர்தூ முகத்தைப் புதைத்து உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டை முழுக்க நாயின் எச்சில், பட்டால் தொழுகைக்கு ஆகாத எச்சில். தொழுகைக்கு முன் சட்டைக் கை நுனியைக்கூட மூன்று தரம் பார்க்கிற மனிதர் அவர். நெற்றியில் வியர்வை, கண்கள் இறுக மூடியிருந்தன. நாயை விட அதிகமாக நடுங்கியது அவர்தான்.

"ஐயா!"

கண்ணைத் திறந்தார். "வந்துட்டீங்களா. மேல சத்தம் தாங்கல. இங்க கொஞ்சம் தேவலைன்னு மத்தியானமே இறங்கிட்டோம். போன் இங்க எடுக்காதும்மா. வெளிய போகலாம்னா இவன் விடல."

கெர்தூ அவளைக் கண்டதும் பாய்ந்து அவள் கைகளில் விழுந்தது. அதன் விலாவைத் தடவியபோதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தாள். கைக்குட்டையால் சுற்றியிருந்தது, கைக்குட்டை சிவப்பாக நனைந்திருந்தது.

"கடிச்சிட்டானா?"

"பயத்துல பட்டுடுச்சும்மா. ஒண்ணுமில்ல."

கை நோகாமல் இருக்கட்டும் என்றுதான் நாங்கள் நன்றி சொல்வது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? "ஆஸ்பத்திரிக்குப் போலாம் ஐயா, இப்பவே. ஊசியெல்லாம் போட்ட நாய்தான், இருந்தாலும் வாங்க," என்று நாயை ஒரு கையால் அணைத்தபடி அவர் முழங்கையைப் பிடித்து இறக்கினாள். ஐந்து மணி நேரம் மடங்கியிருந்த கால், நிற்க முடியாமல் காரில் சாய்ந்துகொண்டார்.

ஃபர்ஸீன் அப்போதுதான் மூச்சிரைக்க வந்தான். நாய் உயிரோடு இருப்பதைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. கையை அவன் கவனிக்கவில்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல? ஐயா, நீங்க எங்க தலைக்கு மேல நிழல். அடுத்த வருஷமும் உங்ககிட்டதான் விடுவோம், வேற யாரையும் நம்ப மாட்டோம்!"

இதற்கு ஓர் உபசாரப் பதில் உண்டு. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். முஹ்தஷம் ஐயாவும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"வேண்டாம்," என்றார்.

ஃபர்ஸீனின் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்னால முடியாது. எனக்கு நாய்னா பயம். சின்ன வயசுல இருந்தே பயம். மூணு ராத்திரியா நான் தூங்கல. மறுபடி எங்கிட்ட கொண்டு வராதீங்க." சொல்லிவிட்டு, ஏதோ திருட்டு வெளிப்பட்டவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சிடுங்கம்மா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். உங்களுக்குத் தெரியாம போச்சு."

பரஸ்தூ நாயைக் கீழே இறக்கிவிட்டாள்.

"எனக்குத் தெரியும் ஐயா," என்றாள். "அன்னைக்கே தெரியும்."