இடுப்பளவுத் தண்ணீர்

மனுஷனுக்குத் தன் இடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. பாதி ஆயுசைத் தையல் மிஷினில் கழித்தவன் சொல்கிறேன், நம்பலாம். பேண்ட் தைக்க வருகிறவனிடம் இடுப்பைக் காட்டச் சொன்னால் ஒருவன் தொப்புளைக் காட்டுவான், ஒருவன் விலா எலும்பைக் காட்டுவான், சிலர் காட்டுகிற இடத்தை வெளியே சொல்ல முடியாது. நானாக ஓர் இடத்தில் டேப்பைச் சுற்றி, இதுதான் உன் இடுப்பு என்று முடிவு பண்ணித் தைத்துக் கொடுப்பேன். இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை. இந்த விஷயத்தில் அரசாங்கம் வந்து என் கடை வாசலில் நிற்கும் என்று நான் நினைத்தும் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் நரிப்பாறைப்பட்டி. மம்சாபுரத்துக்கு மேற்கே, செண்பகத்தோப்பு மலையிலிருந்து இறங்கி வருகிற ஓடையின் கரையில் இருக்கிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த ஓடையில் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஐப்பசியில் மலைமேல் மழை பிடித்துக்கொண்டால் மட்டும் அது ஓடை என்பது எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஓடைக்கு இந்தப் பக்கம் ஓடைத்தெரு, அந்தப் பக்கம் பாண்டிதுரையின் நஞ்சை. இரண்டும் ஒரே மட்டம். வெள்ளம் வந்தால் தெருவும் வயலும் ஆளுக்குப் பாதியாக வாங்கிக்கொள்ளும்.

பாண்டிதுரை ராஜபாளையத்தில் ஆபீஸ் போட்டு பிளாட் விற்கிறவர். சொந்த வயலை எத்தனை நாள்தான் சும்மா விட்டுவைப்பார்? கலர் கொடி நட்டு, நுழைவாயிலில் வளைவு கட்டி, ‘செண்பகா கார்டன்’ என்று பெயரும் எழுதிவிட்டார். பாக்கி இருந்தது அனுமதி மட்டும்தான். அதில்தான் சிக்கல். வெள்ளம் ஒரு மீட்டருக்கு மேல் ஏறிய நிலத்தில் மனை போடக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஒரு மீட்டருக்குள் என்றால் மண் கொட்டி மேடாக்கி, தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

இதை எதிர்த்து மனு கொடுத்தவள் ஓடைத்தெருவின் கடைசி வீட்டுக் கருத்தம்மா. மில் வேலைக்குப் போகிறவள். புருஷன் இருளப்பசாமி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், பக்கவாதம் வந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறார். வயலை மேடாக்கினால் அந்தப் பக்கம் போக வேண்டிய தண்ணீரும் சேர்ந்து தன் வீட்டுக்குள்தான் வரும், தன்னால் இவரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்று அவள் எழுதியிருந்தாள். மனுவில் இருந்தது அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள இஞ்சினியரிங் படிக்க வேண்டாம். ஆனால் படித்தவர்கள்தான் விசாரணைக்கு வந்தார்கள்.

வந்தவர் எட்வின் என்று ஓர் இளம் அதிகாரி. கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். டீ வாங்கிக் கொடுத்தால்கூடக் குடிக்க மாட்டார். எழுத்தில் இருப்பதை விட்டு ஓர் அங்குலம் நகரவும் மாட்டார். அந்த மாதிரி ஆளிடம் மாட்டிக்கொள்வதற்கு, கை நீட்டுகிற ஆளே தேவலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

விசாரணை சமுதாயக் கூடத்தில் நடந்தது. கடைசியாக வந்த பெரிய வெள்ளத்தைப் பற்றி அரசாங்கத்திடம் இருந்தது ஒரே ஒரு வரி. அப்போதைய வி.ஏ.ஓ. எழுதியது: ‘ஓடைத்தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதாக ஊரார் தெரிவித்தனர்.’ எட்வின் அதை உரக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“யாருடைய இடுப்பு?”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இடுப்பை மீட்டராக மாற்றினால்தான் விதியைப் பொருத்திப் பார்க்க முடியும், அதற்கு அந்த இடுப்புக்குச் சொந்தக்காரர் தெரிய வேண்டும் என்றார். அவர் கொண்டுவந்திருந்த கருவி மூன்று காலில் நின்று மலையை அளக்குமே தவிர மனுஷனை அளக்காதாம். அதனால் என்னைக் கூப்பிட ஆள் வந்தது. ஹமீது டைலர் டேப்போடு வரவேண்டும் என்று உத்தரவு. என் டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தை நான் திருப்பிப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

நான் போய்ச் சேருவதற்குள் இடுப்புகள் தயாராகிவிட்டன. ஓடைத்தெருக்காரர்கள், ஊரிலேயே உயரமான ஆளான ரிட்டயர்டு ஏட்டு வேல்பாண்டியை முன்னால் நிறுத்தினார்கள். வி.ஏ.ஓ.விடம் சொன்னது தான்தான் என்றார் அவர். பாண்டிதுரை தன் தோப்புக் காவல்காரன் சின்னக்கருப்பனைக் கொண்டுவந்தார். அவனுக்குப் பெயருக்கேற்ற உயரம். அவனும் சொன்னது தான்தான் என்று சத்தியம் பண்ணினான். வெள்ளம் வந்த ராத்திரி ஏட்டு மதுரையில் ஒரு கல்யாண வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தார். சின்னக்கருப்பன் தோப்பு மேட்டில் கால்கூட நனையாமல் தூங்கினான். இது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தது எழுத்தில் இல்லை, அதனால் எட்வினுக்குத் தெரியாது.

முதலில் ஏட்டு. இடுப்பு எது என்று கேட்டேன். பெல்ட் போடுகிற இடம்தானே இடுப்பு என்றார் எட்வின். அங்கேதான் ஓடைத்தெருவின் தலையில் மண் விழுந்தது. ஏட்டுக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பேண்ட் தைப்பவன் நான். தொந்தி வளர வளரப் பெல்ட் கீழே இறங்கிக்கொண்டே வந்து, இப்போது அது பெயருக்குத்தான் இடுப்பில் இருக்கிறது. தொண்ணூற்று ஐந்து சென்டிமீட்டர். பேண்ட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிடும்படி தெருவே அவரைக் கெஞ்சியது. சபையில் நின்று பேண்ட்டை ஏற்றுகிற பழக்கம் தன் டிப்பார்ட்மெண்டில் கிடையாது என்று ஏட்டு விறைப்பாக நின்றுவிட்டார்.

சின்னக்கருப்பன் வேட்டியை நெஞ்சுக்குக் கீழே கட்டுகிற ஆள். தொண்ணூற்று ஏழு. ஆக, உயரமான ஆளுக்குக் குறைந்த வெள்ளம், குட்டையான ஆளுக்குக் கூடுதல் வெள்ளம். எட்வின் முகம் மாறாமல் இரண்டையும் குறித்துக்கொண்டார். எப்படிப் பார்த்தாலும் ஒரு மீட்டருக்குள்தான் என்றதும் பாண்டிதுரை எல்லோருக்கும் டீயும் வடையும் சொல்லிவிட்டார். ஓடைத்தெருக்காரர்களும் வாங்கித் தின்றார்கள். நானும் ஒரு வடை தின்றேன், பொய் சொல்வானேன்.

அப்போதுதான் கருத்தம்மா எழுந்தாள். வி.ஏ.ஓ.விடம் சொன்னது இவர்கள் ரெண்டு பேரும் இல்லை, தான் என்றாள். பொம்பளைக்கும் இடுப்பு உண்டு என்பது அதுவரை அந்தக் கூடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எட்வின் பழைய வி.ஏ.ஓ.வுக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தார். ஆமாம், விடியக்காலையில் தெருமுனையில் டிராக்டர் மேல் நின்று எம்புட்டுத் தண்ணீர் என்று கத்தினேன், கடைசி வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பொம்பளை இடுப்பளவு என்று பதில் சொன்னது, எழுதிக்கொண்டு போய்விட்டேன் என்றார் அவர். வேறு ஏதாவது விசாரித்தீர்களா என்று எட்வின் கேட்டார். மழை நேரத்தில் வேறென்ன விசாரிப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பெண்களுக்கு அளவெடுப்பது என் வீட்டுக்காரி நூர்னிசா. அவளை வரவழைத்து, சாமான் அறைக்குள் வைத்துக் கருத்தம்மாவை அளந்தாயிற்று. தொண்ணூறு. பாண்டிதுரை இன்னொரு ரவுண்டு டீ சொல்ல ஆளைத் தேடினார்.

“தொண்ணூறு சரிதான் சார்,” என்றாள் கருத்தம்மா. “ஆனா நான் தரையில நிக்கல. கட்டில் மேல நின்னேன்.”

தண்ணீர் வீட்டுக்குள் ஏறியதும் அவள் கட்டிலில் ஏறி, கிடந்த மனுஷனைத் தூக்கி நிமிர்த்தித் தோளோடு சாய்த்துக்கொண்டாளாம். தண்ணீர் கூடக்கூட இன்னும் மேலே தூக்கினாளாம். விடிகிற வரை அப்படியே நின்றிருக்கிறாள். கட்டிலின் மேல் நின்றுதான் அவளுக்கு இடுப்பளவு.

அந்த வடையைத் தின்றிருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது. அதே தெருவில்தான் என் மச்சினன் இருக்கிறான், தினம் போகிறேன், வருகிறேன். இத்தனை வருஷத்தில் இதை நான் அவளிடம் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கட்டில் எவ்வளவு உயரம் என்று எட்வின் கேட்டார். முழங்காலுக்கு வரும் என்றாள். கட்டிலைக் கொண்டுவர முடியுமா என்றார். துருப்பிடித்து இற்றுப் போய்ப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. எட்வினுக்கு நிஜமாகவே வருத்தம், முகத்தில் தெரிந்தது. பதிவில் இடுப்பு இருக்கிறது, கட்டில் இல்லை. இல்லாத கட்டிலை இப்போது சேர்த்தால் அரசுப் பதிவைத் திருத்தியதாகிவிடும் என்றார். பாண்டிதுரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. இன்றைக்குக் கட்டிலைச் சேர்த்தால் நாளைக்கு ஒருத்தன் பீரோ மேல் நின்றேன் என்பான், இன்னொருத்தன் பனைமரத்தில் நின்றேன் என்பான், அப்புறம் இந்த ஜில்லாவில் எவனாவது வீடு கட்ட முடியுமா என்று கேட்டார். நூர்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. அதிகாரி ஒரு நாற்காலியில் ஏறி நிற்கட்டும், அவர் இடுப்பு எங்கே இருக்கிறது என்று நான் அளந்து காட்டுகிறேன் என்றாள். எட்வின் மரியாதையாகக் கையைக் கூப்பி, விசாரணை முடிந்தது என்றார்.

வெள்ள உயரம் தொண்ணூறு சென்டிமீட்டர் என்று உத்தரவு வந்தது. மறுவாரமே லாரிகள் வந்தன. நெஞ்சுயரத்துக்குக் கிராவல் மண் கொட்டி, ரோலர் விட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கோட்டையே எழும்பிவிட்டது. புது வரைபடமும் பேரூராட்சிப் பலகையில் ஒட்டினார்கள். மேடான செண்பகா கார்டன் பச்சை நிறம், பாதுகாப்பான பகுதி. பள்ளத்தில் கிடக்கிற ஓடைத்தெரு சிவப்பு நிறம், வெள்ள அபாயப் பகுதி. பாண்டிதுரை அந்தப் பச்சையை அப்படியே நோட்டீஸில் அச்சடித்து ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் விநியோகம் பண்ணினார்.

கருத்தம்மா அதற்கும் அழவில்லை. மில்லில் லோன் போட்டு மாடியில் ஒரே ஒரு ரூம் கட்டி, மழைக்காலத்தில் புருஷனை மேலே வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தாள். முறைப்படி அனுமதி கேட்டு எழுதிப் போட்டாள். பதிலும் முறைப்படி வந்தது. என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். சிவப்புப் பகுதியில் புதிய கட்டுமானத்துக்கு அனுமதி இல்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆதாரம் வேறு காட்டியிருந்தார்கள்: ‘தமது வீட்டினுள் கட்டிலின் மீது நின்ற நிலையிலும் இடுப்பளவு தண்ணீர் இருந்ததாக மனுதாரரே விசாரணையில் தெரிவித்துள்ளார்.’

இரண்டு தடவை படித்தேன். பாண்டிதுரையின் மனைக்குச் சேராத கட்டில் கருத்தம்மாவின் மாடிக்குச் சேர்ந்துவிட்டது. என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நூர்னிசா உள்ளேயிருந்து வந்து, பொம்பளை நிற்கிற இடத்தில் என்ன பேச்சு என்று அதட்டினாள். கருத்தம்மா அந்தக் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி நாலாக மடித்துக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்ததும் அவள் மறுபடியும் கடைக்கு வந்தாள். கையில் ராஜபாளையத்தில் வாங்கிய கெட்டி கேன்வாஸ் துணி. தொட்டில் தைக்க வேண்டும் என்றாள். கட்டிக்கொடுத்த மகள் உண்டாகியிருக்கிறாள் போல என்று சந்தோஷமாக, எத்தனையாவது மாசம் என்று கேட்டேன்.

“அவுகளுக்கு பாய்,” என்றாள். “மேல தொட்டில் கொக்கி சும்மாதான கெடக்கு. தண்ணி வந்தா அதுல போட்டு ஏத்திருவேன். அதுக்கு ஒருத்தன்ட்டயும் அனுமதி வாங்க வேண்டாம்ல?”

கொக்கி தாங்குமா என்றேன். அவர் எடைக்கு இரண்டு அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு ராத்திரி முழுக்கப் பார்த்தாளாம், தாங்கியதாம். அதற்குமேல் ஒரு மூட்டை போட்டபோது காரை உதிர்ந்ததாம், எடுத்துவிட்டாளாம்.

நூர்னிசாவும் நானும் அளவெடுக்கப் போனோம். படுத்திருக்கிற ஆம்பளைக்கு நான் அளவெடுத்தது அதுதான் முதல் தடவை. தலைக்கு எவ்வளவு, தோளுக்கு எவ்வளவு, கால் நீட்ட எவ்வளவு என்று டேப்பை ஓட்டினேன். வானம் மேற்கே கறுத்துக் கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் மண்மேடு மட்டும்தான் தெரிந்தது. இருளப்பசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறும். மெதுவாகச் சொன்னால் புரியும்.

“எனக்கு மட்டும் தச்சா... இவ எங்க நிப்பா?” என்றார்.

கருத்தம்மா கீழே கிடந்த துணியை எடுத்து உதறினாள். நான் அளவைக் குறிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

“ரெண்டாளுக்குத் தைங்க பாய்,” என்றாள் கருத்தம்மா.

நிமிர்ந்து கொக்கியைப் பார்த்தேன். அதைச் சுற்றிக் காரை பெயர்ந்திருந்தது. கருத்தம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நூர்னிசா என் கையிலிருந்து டேப்பை வாங்கிக்கொண்டு போய் அவளை அளந்தாள்.