தப்புச் சொல்ல ஒரு ஆள்

புதிதாக கோடிங் படிக்கிறவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். வரியின் கடைசியில் முக்காற்புள்ளி வைக்க மறப்பார்கள். மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூடாமல் போய்விடுவார்கள். இரண்டு சமக்குறி வேண்டிய இடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்குத் தங்கள் மேல் ஏதோ விரோதம் என்பதுபோலப் புலம்புவார்கள். ஆன்லைனில் பாடம் நடத்தும் ஒரு கம்பெனியில் அவர்களுடைய சந்தேகங்களைத் தீர்த்துவைப்பதுதான் அவள் வேலை. ஆபீஸ் என்று ஒன்று இருந்த காலத்தில், கூட இருந்தவர்கள் அவளுக்கு 'முக்காப்புள்ளி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பின்னால் நடந்துபோகும்போதே அடுத்தவர் திரையில் விட்டுப்போன புள்ளியைக் கண்டுபிடித்துவிடுவாளாம்.

பிறகு கம்பெனி அந்த ஆபீஸைக் காலி செய்தது. எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். முதலில் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. போகப் போகத்தான் தெரிந்தது, தன்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆளில்லை என்று. கல்யாண வாழ்க்கை சண்டை சச்சரவு இல்லாமலே முறிந்துபோய் வெகுகாலம் ஆயிற்று. மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். சில நாள் சாயங்காலம் பால் வாங்கப் போய் வாயைத் திறக்கும்போது தொண்டை கரகரக்கும். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள்.

ஒரு மாணவர் மட்டும் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவார். ரிட்டயரான லிஃப்ட் மெக்கானிக். 'வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, அதனால் சேர்ந்தேன்' என்று முதல் நாளே எழுதியிருந்தார். எந்தப் பயிற்சி கொடுத்தாலும் அதை எப்படியாவது லிஃப்டில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். மற்றவர்கள் மார்க்கைக் கூட்ட ப்ரோகிராம் எழுதினால், இவர் மாடிகளைக் கூட்டுவார். அவர் செய்யும் தப்புகளும் சின்னச் சின்னவைதான். ஒரு நாள் முக்காற்புள்ளி, மறுநாள் மேற்கோள் குறி.

"ஆறாவது வரியின் கடைசியைப் பாருங்கள் சார்" என்று அவள் எழுதுவாள்.

"அடடா, கண்ணு முன்னாலேயே இருந்திருக்கு. லிஃப்ட்ல கதவு சரியா சாத்தலேன்னா வண்டி நகராது. அது மாதிரிதான் போல. ரொம்ப நன்றிம்மா. சாப்பிட்டாச்சா?" என்று பதில் வரும்.

மற்றவர்கள் விடை கிடைத்த அடுத்த நொடி காணாமல் போய்விடுவார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். அந்தக் கேள்விக்காகவே அவள் சில நாள் சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் கம்பெனி புது வசதி ஒன்று கொண்டுவந்தது. மாணவர் எழுத ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் எப்படித் தட்டினார், எங்கே அழித்தார் என்று சினிமா மாதிரி ஓட்டிப் பார்க்கலாம். மெக்கானிக்கின் ப்ரோகிராமைத்தான் முதலில் ஓட்டிப் பார்த்தாள். அவர் மெதுவாக, அழித்து அழித்துத் திருத்தி எழுதிக்கொண்டு போனார். முடித்தார். ஓடவிட்டார். விடை சரியாக வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் மினுக்கும் கர்சர் குச்சி நகர்ந்து ஆறாவது வரியின் கடைசிக்குப் போய், அங்கே இருந்த முக்காற்புள்ளியை அழித்தது. அப்புறம்தான் 'உதவி தேவை' என்ற பட்டனை அழுத்தியிருக்கிறார்.

பழையவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாம் அதே கதைதான். சரியாக எழுதி, ஓட்டிப் பார்த்து, பிறகு தானே கெடுத்து அனுப்பியிருக்கிறார்.

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் தன்னை முட்டாளாக்கியிருக்கிறார் என்று கோபம் வந்தது. மறுநாள் அவர் வந்ததும், வழக்கமாக எழுதுகிறவள், குரல் அழைப்பை அழுத்திவிட்டாள்.

"சார், நீங்க எழுதினது எல்லாம் சரியாத்தான் ஓடுது. அப்புறம் நீங்களே புள்ளிய அழிக்கிறீங்க. நான் பார்த்துட்டேன்."

அந்தப் பக்கம் மின்விசிறியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"மாட்டிக்கிட்டேனா?" என்றார். அவள் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல். "தப்பா நினைக்காதீங்கம்மா. என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் நான் எதைச் செஞ்சாலும் அதுல ஒரு குத்தம் கண்டுபிடிப்பா. சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க, குழாய மூடல, காய இவ்வளவு பெருசாவா நறுக்குவாங்க... காது புளிச்சுப்போகும். இப்ப நான் என்ன செஞ்சாலும் சரியாத்தான் இருக்கு. தப்புன்னு சொல்ல வீட்ல ஆளில்ல."

வேறு ஏதோ சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் வாயில் வந்தது, நாளெல்லாம் எழுதி எழுதிப் பழகிப்போன அந்த வாக்கியம்தான்:

"வேறு ஏதாவது சந்தேகம் இருக்கா சார்?"

"இல்லம்மா" என்றார். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. முகத்தில் அடித்தாற்போல அப்படிக் கேட்டோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். மாணவர் கேட்காமல் உதவியாளர் தானாகப் பேச்சைத் தொடங்கக்கூடாது என்பது கம்பெனி விதி. டீம் லீடரிடம் சுற்றிவளைத்துக் கேட்டுப்பார்த்தாள்.

"ஒருத்தர் திடீர்னு நின்னுட்டா நாம கூப்பிட்டு விசாரிக்கலாமா?"

"எதுக்குக்கா? சந்தேகம் இல்லேன்னா நல்லதுதானே. இருக்கற கூட்டத்தையே சமாளிக்க முடியல" என்று அந்தப் பையன் சிரித்தான்.

விதியில் ஒரு சந்து இருந்தது. ஏற்கெனவே முடித்துவைத்த சந்தேகத்தில் உதவியாளர் ஏதாவது கவனிக்காமல் விட்டிருந்தால், அதைத் திரும்பத் திறக்கலாம். அவள் மெக்கானிக்கின் பழைய ப்ரோகிராம்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு தப்பு, ஒரே ஒரு நிஜமான தப்பு கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தாள். மனிதர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். வேலைக்கு நடுநடுவே தேடினாள். கண் எரிந்தது. இப்படி ஒரு தப்புக்காக அவள் வாழ்நாளில் ஏங்கியதில்லை.

கிடைத்தது. கிடைத்தவுடன் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

'சார், அன்றைக்கு உங்கள் ப்ரோகிராமில் ஒரு தப்பைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். நீங்கள் வைத்த தப்பு இல்லை. நிஜத் தப்பு' என்று எழுதி அனுப்பினாள்.

அன்று பதில் இல்லை. மறுநாள் மதியம் அவரே அழைத்தார்.

"என்னம்மா தப்பு?"

"உங்க ப்ரோகிராம்ல லிஃப்ட தரைத்தளத்துல நிறுத்திட்டு 'கீழே' பட்டன அழுத்திப் பாருங்க சார்."

தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெரிய சிரிப்பு, நடுவில் இருமல்.

"மைனஸ் ஒண்ணு, மைனஸ் ரெண்டு... ஐயையோ, பூமிக்குள்ள போய்க்கிட்டே இருக்கே! இத்தனை வருஷம் லிஃப்ட்டோட மாரடிச்சவன், என் மானமே போச்சு!"

இருவருமாகச் சேர்ந்து அதைச் சரிசெய்தார்கள். உச்சி மாடியிலும் அதே ஓட்டை இருந்தது, அதை அவரே கண்டுபிடித்தார். எல்லாம் முடிந்த பிறகும் இருவரும் அழைப்பை வைக்கவில்லை.

"உங்க தப்ப யாரும்மா சொல்றாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார்."

"அப்ப நான் சொல்றேன். அன்னைக்கு வேற சந்தேகம் இருக்கான்னு கேட்டீங்க பாருங்க. அது தப்பு."

"ஆமா சார்" என்றாள். "பெரிய தப்பு. சொல்ல வேற ஏதோ இருந்துச்சு. வரல."

"பரவால்ல விடுங்க. என் வீட்டுக்காரியா இருந்தா இதையே ஒரு வாரம் சொல்லிக் காட்டியிருப்பா."

அதற்குப் பிறகு பாடம் முடியும்வரை மதியங்களில் பேசிக்கொண்டார்கள். கோட் பற்றிக் கொஞ்சம், மற்றதைப் பற்றிக் கொஞ்சம். ஒரு நாள் அவர், மகள் வந்து தன்னைக் கையோடு கூட்டிப்போகப் போகிறாள் என்றார். அங்கே இரண்டு பேரக்குழந்தைகள், வீடு நிறைய ஆட்கள்.

"அங்க தப்புச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது" என்றார். குரலில் குழந்தை மாதிரி ஒரு துள்ளல்.

"நல்லது சார்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

போன் நம்பர் கேட்க வேண்டும் என்று இருந்தது. விதியை நினைத்தாளோ, கூச்சமோ, கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை. பாடம் முடிந்த வாரம் அவர் பெயர் பட்டியலிலிருந்து தானாகவே போய்விட்டது.

அன்று மதியமும் அவள் சீக்கிரமே சாப்பிட்டிருந்தாள். புது மாணவி ஒருத்தி, எண்ணையும் எழுத்தையும் ஒன்றாகக் கூட்டிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்டிருந்தாள். எந்த வரி என்று சொன்னதும் அந்தப் பெண் போய்விட்டாள்.

வேலை முடிந்ததும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். வாங்க ஒன்றுமில்லை. தெருவில் ஒரு தம்பதி, குடையை மறந்தது யார் தப்பு என்று வாக்குவாதம் செய்துகொண்டு போனார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் பின்னால், அந்தப் பேச்சு காதில் விழுகிற தூரத்திலேயே, முனை திரும்பும்வரை நடந்தாள்.