ஏழாம் வாய்ப்பாட்டுக்கும் எட்டாம் வாய்ப்பாட்டுக்கும் நடுவுல

எங்க குடும்பக் கோர்ட்டுல, ஒழுங்கா மூடாத ஜீவனாம்சக் கேஸ் கட்டுல இருந்து அப்பா வீட்டுச் சத்தம் வந்துக்கிட்டே இருக்கும். பிள்ளைக்குப் பதினெட்டு முடியிற அன்னிக்கு, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கட்டை மூடியாகணும். புதுசா வர்ற கிளார்க்குகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறது என் வேலை.

மூடுறதுன்னா பெருசா ஒண்ணுமில்ல. அட்டை மேல அட்டையை வெச்சு நாடாவைக் கட்டணும், அவ்வளவுதான். ஆனா உள்ள இருக்கிறவர் பேச்சை ஆரம்பிச்சுட்டு நடுவுல நிக்கும்போது மூடக்கூடாது. மூடினா மிச்சப் பேச்சு உள்ளயே தங்கிடும். எனக்கு முன்னாடி இருந்தவர் ஒரு கட்டை அவசரத்துல மூடிட்டார். அந்தத் தகப்பன் இப்பவும் பஸ் ஸ்டாண்டுல "அதாவது"ன்னு சொல்லிக்கிட்டு நிக்கிறார். டீக்கடைக்காரர் லைட் டீ கேக்குறார்னு நெனச்சு ஒண்ணு போட்டுக் கொடுத்துடுறார்.

இந்த மாசம் பயிற்சிக்கு வந்தவன் ஆரோக்கியராஜ். இதுக்கு முன்னாடி ரேஷன் கடையில எடை போட்டவன். நாடா அழகா கட்டுவான், பொறுமைதான் கம்மி. செவ்வாய்க்கிழமை அவன்கிட்ட முதல் கட்டைக் கொடுத்தேன். பிள்ளை பேரு பெனிட்டா, அன்னிக்குத்தான் பதினெட்டு முடியுது. பாலிடெக்னிக்ல சர்வே படிக்கிறா. நோட்டீஸ் கிடைச்சு நாலு மணிக்கே வந்து பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. வலது கை மட்டும் சின்னப் பிள்ளை கை அளவுக்கு இருந்துச்சு, அதுல ஒரு ரப்பர் வளையல்.

"ஆட்சேபணை ஏதும் உண்டாம்மா?"ன்னு கேட்டேன். கேட்டாகணும்னு விதி.

"இருக்கு சார். எட்டேழு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது."

ஏழு வயசுல அவளை மடியில வெச்சு அவ அப்பா ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்தாராம். ஏழேழு வரைக்கும் வந்தப்போ அம்மா வந்து அவளைத் தூக்கிக்கிட்டு வீட்டை விட்டு இறங்கிட்டாங்க. அந்த வாரமே கட்டு தொறந்தாச்சு. அன்னியிலிருந்து எட்டேழுக்கு விடையை யார் சொன்னாலும் அவ காதுல விழறதில்ல; எட்டாம் வாய்ப்பாட்டுல வர்ற ஏழெட்டும் அப்படித்தான். நானும் சொல்லிப் பார்த்தேன்.

"வாய் அசையுது சார். சத்தம் வரல"ன்னா.

தாள்ல எழுதிக் காட்டினேன். அந்த இடம் மட்டும் வெள்ளையா இருக்குன்னா. எட்டுக்கு ஏழு மனை வந்தா அளக்காம சுத்திப் போயிடுறாளாம். வெள்ளிக்கிழமை செய்முறைப் பரீட்சை. இப்ப கட்டை மூடிட்டா அந்த நம்பர் உள்ளயே போயிடும். அப்புறம் எந்த கோர்ட்டாலயும் அதை வெளிய எடுக்க முடியாது.

கட்டை மேசை மேல வெச்சோம். உள்ள அவ அப்பாவோட தையல் மெஷின் ஓடுச்சு. கொஞ்ச நேரத்துல நின்னுச்சு. யாரோ இருமினாங்க.

"ஏழேழு நாப்பத்தொம்பது"ன்னு ஒரு குரல் வந்துச்சு. அப்புறம் சத்தமே இல்ல. திரும்பவும் மெஷின்.

"பார்த்தீங்களா? எப்ப வந்து கேட்டாலும் அங்கயே நிப்பாட்டிடுவாரு"ன்னா பெனிட்டா. "போனவளுக்கு எதுக்கு மிச்சத்தைச் சொல்லணும்னு நெனைக்கிறாரு போல."

"பதினோரு வருஷமா ஒரே வரியா? எங்க மாமனாரே தேவலாம்"னான் ஆரோக்கியராஜ். "சார், மெஷின் ஓடும்போது அவரு பேசலையே. மூடிடவா?"

"வரி முடிஞ்சுது, வாய்ப்பாடு முடியலையேப்பா. எடுய்யா கையை."

நாலே முக்காலுக்குத் திரும்பவும் அதே குரல், அதே வரி, அதே அமைதி. ஆரோக்கியராஜ் நாடாவைக் கீழ வெச்சுட்டு, கட்டுகிட்டக் குனிஞ்சான்.

"சார், ரேஷன் கடையில பில் போடுறவரு 'பச்சரிசி அஞ்சு'ம்பாரு. நான் திருப்பிச் சொன்னாத்தான் அடுத்ததைச் சொல்லுவாரு. நான் டீ குடிக்கப் போயிட்டா அப்படியே உட்கார்ந்திருப்பாரு, பாவம். இவரும் அந்த மாதிரிதான். நிப்பாட்டல, காத்துக்கிட்டிருக்காரு."

கட்டுக்குள்ள பேசக்கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. எடுத்துப் படிச்சுப் பார்த்தேன். ஊழியர்கள்னு மட்டும்தான் போட்டிருந்துச்சு.

"நீ பேசலாம்மா"ன்னேன்.

பெனிட்டா பெஞ்சை இழுத்துப் போட்டு, அட்டையை ரெண்டு விரல் அளவு தூக்கினா. மெஷின் நிக்கிறதுக்காகக் காத்திருந்தா. "ஏழேழு நாப்பத்தொம்பது"ன்னு குரல் வந்ததும், "ஏழேழு நாப்பத்தொம்பது"ன்னு சொன்னா.

உள்ள யாரோ நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்திரிச்சாங்க.

"எட்டேழு அம்பத்தாறு."

"எட்டேழு..." அவ நான் எழுதிக் காட்டின தாளைத் திரும்பிப் பார்த்தா. "அம்பத்தாறு."

"ஒம்பதேழு அறுபத்துமூணு."

"ஒம்பதேழு அறுபத்துமூணு."

"பத்தேழு எழுபது."

"பத்தேழு எழுபது."

மணி அஞ்சாக ரெண்டு நிமிஷம் இருந்துச்சு. உள்ள அவர் தொண்டையைச் செருமினார். எட்டாம் வாய்ப்பாடு ஆரம்பிச்சிட்டா பத்தெட்டு வரைக்கும் மூட முடியாது. ஆரோக்கியராஜ் என்னைப் பார்த்தான். நான் பெனிட்டாவைப் பார்த்தேன்.

"எட்டாம் வாய்ப்பாடு அம்மா சொல்லிக் கொடுத்துட்டாங்க"ன்னா. அப்புறம் கட்டுக்குள்ள குனிஞ்சு, "அவ்வளவுதான்ப்பா"ன்னா.

"சரிம்மா"ன்னு பதில் வந்துச்சு.

அதுக்குப் பிறகு ஒரு மூச்சளவு இடைவெளி. ஆரோக்கியராஜ் அட்டையை இறக்கி, நாடாவை ஒரே சுத்துல கட்டிட்டான். நான் காதை வெச்சுக் கேட்டேன். வெறும் காகிதம்தான். அவனோட பயிற்சித் தாள்ல 'தேர்ச்சி'ன்னு எழுதினேன்.

பெனிட்டா கையெழுத்துப் போட பேனாவை வாங்கினப்போ, அதுவரைக்கும் ஏழு வயசுலயே இருந்த அவளோட வலது கை வளர்ந்து இடது கைக்குச் சமமா வந்துச்சு. சின்ன ரப்பர் வளையல் மணிக்கட்டைப் பிடிச்சுது. ஆரோக்கியராஜ் நாடா வெட்டுற கத்திரியால அதை வெட்டி எடுத்தான். அவ கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடி வெச்சா.