குழாய்க்கு எது வலம்

குழாயின் வாயில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருக்கிறது, விழவும் மனமின்றி, நிற்கவும் வலுவின்றி, மார்கழி வைகறையில் எல்லாமே இப்படித்தான் தொங்குகின்றன, வேப்பிலை நுனியில் பனி, கோபுரத்தின் தோளில் விலகத் தயங்கும் இருள், பதிகம் பாடிச் செல்வோரின் கடைசி அடி தெருமுனையில், குளிர் என்று சொல்ல முடியாத ஒரு குளிர் திருநெல்வேலியின்மேல் மெல்ல இறங்க, ஊரே இறைவன் எதிரில் வாய்பொத்தி நிற்கும் அமைதி, அந்த அமைதிக்குள் எங்கள் அடுக்களைக் குழாய் மட்டும் சொட்டுகிறது, சொட்டியது, பிறகு ஒழுகியது. என் மனைவி ஆவுடை, முழங்கால் அறுவை முடிந்து, ஈரத்தரையில் காலூன்ற அஞ்சி, அடுக்களை வாசலில் நாற்காலியில் இருக்கிறாள், மணமாகி வந்த ஆண்டிலிருந்து ஒரு திருவாதிரையும் தவறாமல் கூத்தனுக்குக் களி கிண்டியவள், இன்னும் மூன்றே நாள், குழாய் வேலைக்காரரோ பொங்கல் கழிச்சுத்தான் வருவேன் என்று போனை வைத்துவிட்டார், இந்த வருசம் சாமிக்குக் களி கிடையாது போல என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள், அந்தக் குரல் பொறுக்காமல் புதுக் குழாயை நானே மாட்டுகிறேன் என்றேன், நீங்களா, இது என்ன செய்யுளா சீர் பிரிக்கதுக்கு என்றாள், உண்மைதான், பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தே நரைத்த கை, ஸ்பானர் அறியாத கை.

புதுக் குழாயின் திருகுமரையில் ஒழுக்கடைக்கும் வெள்ளை டேப்பைச் சுற்றினேன், சன்னிதியைச் சுற்றி வருவதுபோல வலமாகவே, சுற்றுக்கொரு முறை ஐந்தெழுத்து சொல்லி, சுவரில் திருகி, மாடித் தொட்டியின் வால்வைத் திறந்தேன், நீர் சீறியது, கீழ் அலமாரியில் களிக்கு வறுத்து வைத்த அரிசி ஊறிப்போனது, மறுநாள் மீண்டும் வலமாக, இன்னும் அழுத்தி, சுவரில் பதித்த ஓடு விரிசல் விட்டது, கட்டைவிரல் நகம் கறுத்தது, நாற்பது மார்கழிகளில் முதன்முறையாகப் பதிகம் பாடும் வரிசையில் நான் இல்லை, தொட்டி வால்வை மூடிவிட்டதால் தெருக் குழாயிலிருந்து எங்கள் வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் குடம் சுமந்துகொண்டிருந்தேன், இரும்புக் கடைக்காரர், என்ன சார்வாள், நேத்து முக்கால் இஞ்சு, இன்னைக்கு அரை இஞ்சு, நாளைக்குக் கடையையே தூக்கிட்டுப் போயிருங்க என்றார், கீழ்வீட்டு உலகம்மாள் படியேறி வந்து, அண்ணாச்சி, ஊர்ல எங்கயும் மழை இல்ல, எங்க அடுக்களையில மட்டும் பெய்யுது என்றாள், அவள் கூரையில் படர்ந்த ஈரக்கறைக்கு நானே வெள்ளையடித்துத் தருவதாகத் தலைகுனிந்தேன், அந்த வேலையும் தெரியுமோ என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாம் நாள், விடிந்தால் திருவாதிரை, கழற்றிய குழாயின் மரையில் டேப் உரிந்து கந்தலாய்த் திரண்டிருக்கிறது, வலமாகத்தானே சுற்றினேன் என்று எனக்குள் சொல்கிறேன், ஆவுடை நாற்காலியிலிருந்து, யாருக்கு வலம், உங்களுக்கா, அதுக்கா என்றாள், என் கை நின்றது, குழாயின் முகம் சுவரை நோக்கிய மரை, நானோ அதன் முதுகுப்புறம் நின்று மூன்று நாளாக வலம் வந்திருக்கிறேன், பின்னிருந்து பார்த்த வலம் அதற்கு இடம், திருகத் திருக டேப் அவிழாமல் என்ன செய்யும், மரையை என் முகத்துக்கு நேரே திருப்பினேன், மீண்டும் சுற்றினேன், இம்முறை அதன் வலம், பொருத்தினேன், வால்வைத் திறந்து கீழே ஓடிவந்து சுவரில் விரல் வைத்தேன், உலர்ந்திருந்தது, உலகம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஏழுமுறை திறந்து ஏழுமுறை மூடினேன், போதும், புதுசையும் தேய்ச்சிராதீங்க என்றாள் ஆவுடை, ஆனால் அவள் முகத்தில் நான் கண்டது எனக்குப் போர்த்திய எந்தப் பொன்னாடையிலும் காணாதது.

இப்போது வைகறை, புதிதாய் வறுத்த அரிசி வெல்லப்பாகில் மணக்கிறது, ஒரு கையால் நாற்காலியைப் பற்றி நின்றபடி ஆவுடை களி கிண்டுகிறாள், நான் அக்குழாயைத் திறந்து செம்பில் முதல் நீர் பிடித்து மூடுகிறேன், அதன் வாய் உலர்ந்து கிடக்கிறது, பூசை அலமாரியில் சாண் உயரக் கூத்தனுக்கு அந்நீரை வார்க்கிறேன், தூக்கிய திருவடியின் நுனியில் ஒரு துளி தொங்குகிறது, விழாமல், பனிபோல, கறுத்த நகமுள்ள கையைக் கூப்புகிறேன், நீர் ஓட வேண்டிய இடத்தில் ஓடுக, நிற்க வேண்டிய இடத்தில் நிற்க, இவ்வீட்டிலும் கீழ்வீட்டிலும் அடுப்புகள் என்றும் நனையாது எரிக.