பாதி நாள் வெப்சைட்

மன்னார் பஜாரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் பஸ்மினாவின் கந்தோர் இருந்தது. மேசை ஒன்று, கதிரை மூன்று, அவ்வளவுதான். அவள் விற்றது கண்ணுக்குத் தெரியாத சாமான். ஒரு கடைக்கு வெப்சைட் இருந்தால், அது இரவு பகலாக ஓடுகிற ஏதோவொரு கம்பியூட்டரில் குடியிருந்தாக வேண்டும். அப்படியொரு கம்பியூட்டரைச் சிங்கப்பூரில் மொத்தமாக வாடகைக்கு எடுத்து, ஊர்க் கடைக்காரர்களுக்குத் துண்டு துண்டாக வாடகைக்கு விடுவது அவளுடைய தொழில். கண்ணுக்குத் தெரிகிற சாமானுக்கே விலை கேட்டதும் நெஞ்சில் கைவைக்கிற ஊர் அது. இந்தத் தொழிலுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது யாகப்பர் படியேறி வந்த அன்றுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது.

யாகப்பர் பேசாலையில் கருவாட்டு வியாபாரி. கொழும்புக்கும் கனடாவுக்கும் அனுப்புகிறவர். மருமகன் செய்து கொடுத்த வெப்சைட் கையில் இருந்தது. அதற்கு ஒரு இடம் தேவைப்பட்டது. பஸ்மினா வருட வாடகையைச் சொன்னாள்.

"சிங்கப்பூரில காணி விலை எண்டு எனக்கும் தெரியும் பிள்ளை," என்றார் அவர் ஆறுதலாக. "கொஞ்சம் இஞ்சால, வவுனியாவில இடமில்லையோ?"

"இது காணி இல்லை ஐயா. கம்பியூட்டருக்குள்ள இருக்கிற இடம்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். என்ர கருவாட்டுக் கடை. காஞ்ச சாமான், பாரமில்லை. பச்சை மீன் விக்கிறவனுக்கும் எனக்கும் ஒரே வாடகையோ?"

பஸ்மினா மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்தாள். இன்ரநெற்றில் ஒருவன் சும்மாவே தருகிறானாம் என்று அவர் அடுத்த வலையை வீசினார்.

"அப்ப அவனிட்டையே போகலாமே ஐயா?"

"போனனான். இங்கிலீசில கேள்வி கேக்கிறான். சும்மா தாறவனுக்கு என்ர பிறந்த திகதி என்னத்துக்கு? நீங்கள் எங்கட ஆள். பாதி விலைக்குத் தாங்கோ."

காலையில் குடித்த தேத்தண்ணீர் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. மத்தியானத்து ளுஹர் தொழுகைக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. எரிச்சலில் அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"பாதி விலைக்குப் பாதி நாள்தான் திறந்திருக்கும். விடிய ஆறு மணிக்குத் திறப்பன், பின்னேரம் ஆறு மணிக்கு மூடுவன். சம்மதமோ?"

கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்றுதான் நினைத்தாள். யாகப்பரின் முகமோ திருநாள் விளக்குப் போல மலர்ந்தது.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே! இரவில ஆர் கருவாடு பாக்கிறான்?"

சொன்ன வாயால் மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. திறந்தே கிடக்கும் ஒன்றை வேலை மினக்கெட்டுப் பூட்டுவதற்கு ஒரு சின்னக் கம்பியூட்டர் நிரல் எழுத வேண்டியிருந்தது. சம்பளமில்லாத அந்த வேலையை முடித்து, 'கடை பூட்டு, விடிய வாங்கோ' என்று ஒரு பக்கமும் செய்து போட்டாள். தன் தொழிலைத் தானே பகிடி பண்ணிவிட்டதாக அவளுக்குப் பட்டது.

அந்தக் கிழமை போவதற்குள் யாகப்பர் மறுபடியும் வந்தார். ரொறன்ரோவிலிருந்து அவருடைய அக்கா றோசம்மா ஃபோனில் ஏசியிருக்கிறா. வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்கிறவர்களுக்குத் தம்பியின் கடையைக் காட்ட ஆசையோடு திறந்தால் கடை பூட்டாம். அங்கே மத்தியானமென்றால் பேசாலையில் இரவு என்பதை யாகப்பர் கணக்கில் எடுக்கவில்லை.

"பிழை என்ரதுதான்," என்று ஒருநாளும் சொல்லாத மனிதர் அவர். கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"பிள்ளை, பகலை நீங்களே வைச்சிருங்கோ. நான் இரவை எடுக்கிறன். இரவு எண்டா இன்னும் மலிவாத்தானே வரும்?"

பஸ்மினா நேரத்தை மாற்றிக் கொடுத்தாள், விலையை மாற்றவில்லை. மூன்றாம் நாள் கொழும்பு ஹோட்டல்காரன் ஒருவன் பட்டப்பகலில் கட்டா மீன் கருவாட்டுக்கு ஓடர் கொடுக்கப் பார்த்து, கடை பூட்டியிருக்கக் கண்டு, வேறு யாரிடமோ வாங்கிவிட்டான். யாகப்பர் இம்முறை படியேறும்போதே மூச்சு வாங்கினார்.

"ரெண்டும் வேணும். பகலும் தாங்கோ, இரவும் தாங்கோ."

"தரலாம் ஐயா. பகல் ஒரு பாதி, இரவு ஒரு பாதி. இவ்வளவு நாளும் மூடித் திறந்த கூலியும் இருக்கு. அதை நான் கேக்காமல் விட்டிட்டன்."

அந்தக் கூலியையும் சேர்த்துச் சொன்னாள். முதல் நாள் சொன்ன வாடகையைவிட அது சற்றுக் கூட. யாகப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது.

"ரெண்டு சாமானை ஒண்டாய் எடுக்கிறவனுக்கு விலையில கழிவில்லையோ?"

பஸ்மினாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, பேனையால் மேசையைத் தட்டினாள், யோசிப்பதுபோல.

"சேத்து எடுத்தால் மூடித் திறக்கிற வேலை இல்லை. அந்தக் கூலியை விட்டுத் தாறன்."

"அப்பிடி வாங்கோ வழிக்கு!"

மறுபேச்சில்லாமல் காசை எண்ணி வைத்தார். முதல் நாள் அவள் சொன்ன அதே வாடகை. பொய்யொன்றும் சொல்லவில்லைதான், ஆனாலும் யாரையோ ஏமாற்றிவிட்டதுபோல் அவளுக்கு நெஞ்சுக்குள் குறுகுறுத்தது. அவரோ பேசாலை முழுக்கச் சொல்லித் திரியப்போகிற வெற்றியோடு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, கையிலிருந்த பையை மேசையில் வைத்தார். உள்ளே கடதாசியில் சுற்றிய கட்டாக் கருவாடு, தடித்த துண்டுகள். கனடாவுக்கு அனுப்புகிற தரம்.

"வீட்டில உம்மாட்டக் குடுங்கோ, கறி வைக்கட்டும்."

அவர் இத்தனை நாளாக அடித்துக் கேட்ட கழிவைவிட அந்தக் கருவாட்டின் விலை கூட. பஸ்மினா பதறிப்போய்க் காசை எடுத்து நீட்டினாள்.

"சீச்சீ, இதுக்குப் போய்க் காசோ?" என்றார் யாகப்பர். உண்மையாகவே அவருக்கு மனம் நொந்துவிட்டது.

அவர் இறங்கிப் போய் அதிக நேரமில்லை. கீரி என்கிற ஊரில் கடற்கரையோரம் தங்குவிடுதி நடத்துகிற எமில் படியேறி வந்தார். கதிரையில் இருப்பதற்கு முன்னமே கேட்டார்:

"தங்கச்சி, யாகப்பருக்குப் பாதி நாள் குடுத்தீங்களாமே? எனக்குச் சனி, ஞாயிறு மட்டும் தந்தாப் போதும்."