ட்ரஃபிள் நாயும் இடியப்ப உரலும்

1996ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில், சுவிஸ் நாட்டின் நொஷாட்டல் ஏரிக்கு மேலே உள்ள ஜூரா மலைக்காட்டில், ட்ரஃபிள் தேடப் போன நாய் ஒன்று மட்டக்களப்பில் புதைக்கப்பட்ட இடியப்ப உரலைத் தோண்டி எடுத்தது. பித்தளை உரல். கைப்பிடியில் க.ப. என்று வெட்டியிருந்தது. ஓல்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை செய்யும் கலாவதி அதைக் கண்டவுடனே அடையாளம் சொன்னாள். அவளுடைய கல்யாணத்துக்கு மாமி கொடுத்தது. 1990இல் ஊரைவிட்டு ஓடும்போது குசினிக்குப் பின்னால் தேசிக்காய் மரத்தடியில் அவளே குழி வெட்டித் தாட்டது. மண்ணைத் தட்டி, உரலைக் கவிழ்த்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். அடியில் இருக்க வேண்டிய அச்சைக் காணவில்லை.

"அச்சில்லாத உரலை வைச்சு நான் என்னத்தைப் பிழியிறது?" என்று அவள் நாயைப் பார்த்துக் கேட்டாள். அந்த அதிசயத்தைப் பற்றி முதன்முதலில் சொல்லப்பட்ட வார்த்தை இதுதான்.

கலாவதியும் அவளோடு போனவர்களும் அங்கே ஆசைப்பட்டுப் போனவர்கள் அல்லர். சுவிஸில் வேலைத்தலங்கள் வருஷத்தில் ஒரு நாள் ஊழியர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு எங்காவது போகும். அதற்கு அவுஸ்ஃப்ளூக் என்று பெயர். விரும்பினால் வரலாம் என்பார்கள். வராமல் விட்டவரை அடுத்த அவுஸ்ஃப்ளூக் வரைக்கும் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இல்லத்தின் தலைவி ஃப்ராவ் ஹூபர் அந்த வருஷம் காலையில் ட்ரஃபிள் வேட்டை, மத்தியானம் அந்தப் பக்கத்துச் சாப்பாடு, பின்னேரம் வைன் சுவை பார்த்தல் என்று ஏற்பாடு செய்திருந்தார். அதுவும் புரட்டாதிச் சனி. சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு மரக்கறியோடு இருக்க வேண்டிய நாளில் பன்றித் தொத்திறைச்சி தின்னக் கூட்டிக்கொண்டு போகிறார்களே என்று கலாவதி ஓல்டனில் ஏறினதிலிருந்து புறுபுறுத்தாள். அதே இல்லத்தில் கோப்பை கழுவும் அவள் புருஷன் பத்மநாதன் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கேட்காத மாதிரி வந்தார். அவர்களோடு மூன்றாவதாக வந்தவள் சலவை அறையில் வேலை செய்யும் அழகிப்பிள்ளை. அவள் எதற்கும் அதிகம் கதைப்பதில்லை.

ட்ரஃபிள் என்பது ஓக் மரத்து வேரை ஒட்டி மண்ணுக்குள்ளே முளைக்கும் கறுப்புக் காளான். பார்க்க ஆட்டுப் புழுக்கையைப் பெருப்பித்த மாதிரி இருக்கும். பெரிய விலை போகும். ஈரச் சாக்குக்குள் பெருங்காயத்தைக் கட்டி வைத்த மணம் என்று பத்மநாதன் சொன்னார், அது சரிதான். மனிதருக்கு அது கிடக்கும் இடம் தெரியாது, நாய்க்குத்தான் தெரியும். முசியே பெறே என்ற அந்தக் காட்டுக்காரர் பிஜூ என்று ஒரு சுருள்மயிர் நாய் வைத்திருந்தார். புதிதாக வருகிறவர்களோடு நாய் பழக வேண்டும் என்பதற்காக எல்லாரும் உள்ளங்கையை அதன் மூக்கருகே நீட்ட வேண்டும் என்பது அவருடைய வழக்கம். இல்லத்தில் வேலை செய்த சுவிஸ்காரர் பலர் நீட்டினார்கள், நாய் முகர்ந்துவிட்டுச் சும்மா நின்றது. கலாவதி நீட்டினாள். நாய் ஒரு தும்மல் தும்மிவிட்டு ஓடிப்போய் உரலை எடுத்தது. பிறகு அழகிப்பிள்ளையிடம் வந்தது. அவள் இரண்டு கைகளையும் ஜக்கெற்றுக்குள் செருகிக்கொண்டு விறுவிறு என்று பஸ்ஸுக்கு நடந்தாள். அவளுக்கு நாயென்றால் பயம் போல என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அன்றைக்கு ட்ரஃபிள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அச்சையும் கண்டுபிடித்துத் தரச் சொல்லிக் கலாவதி நாயை விடாததால் சாப்பாடு ஆறிப்போனது. ஃப்ராவ் ஹூபர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்தே களைத்துப்போனார். ட்ரஃபிள் சீவிப் போட வேண்டிய முட்டை வெறும் முட்டையாக வந்தது. புகை போட்ட தொத்திறைச்சியைச் சுற்றியிருந்தவர்கள் சப்புக்கொட்டித் தின்ன, கலாவதி அவித்த உருளைக்கிழங்கைத் தின்றாள். ஏரிக்கரை நிலவறையில் கவுதாரியின் கண் என்று பெயர் வைத்த ஓர் இளஞ்சிவப்பு வைனைத் தந்து, வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டு வாளியில் துப்பச் சொன்னார்கள். துப்புவதென்றால் என்னத்துக்குத் தந்தவங்கள் என்று கேட்டுப் பத்மநாதன் தன் பங்கையும் கலாவதியின் பங்கையும் விழுங்கினார். ஓல்டன் வரைக்கும் அவர் உரலில் தலை வைத்துத் தூங்கினார். ஏன் அந்த உரல் அங்கே வந்தது என்று வழியில் ஒருவரும் கேட்கவில்லை.

செய்தி அடுத்த சனிக்கிழமைக்குள் அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு முசியே பெறேக்கு நிம்மதி இல்லை. ஊரைவிட்டு ஓடும்போது வெண்கலத்தையும் நகையையும் தையல் மெசினையும் தாட்டுவிட்டு ஓடுவது அந்த வருஷங்களில் கதவைப் பூட்டுவது போல ஒரு வழக்கம். ஆகவே தோண்டக் கிடந்தவை கொஞ்சமல்ல. சுவிஸ் முழுவதிலுமிருந்து வந்து வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். குத்துவிளக்கு வந்தது, தகரப் பரலில் அடைத்த கூறைச்சீலை வந்தது, சைக்கிள் டைனமோ வந்தது, போத்தலில் போட்ட சங்கிலி வந்தது. ஒருவருக்காவது திருப்தி இல்லை. சீலையில் கறை, சங்கிலியில் கொழுவியைக் காணோம், டைனமோ வந்தது சரி, சைக்கிள் எங்கே என்று பெறேயின் உயிரை எடுத்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, அவர்களில் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது, இரண்டு பக்கமும் கையை ஆட்டிச் சண்டை பிடித்தார்கள். சகலன்மார் இருவர் ஒன்றாக வந்ததில், இளையவர் கைக்கு மூத்தவருடைய வெள்ளித் தாம்பாளம் வெளியே வந்தது. பாதுகாப்புக்காகத்தான் எடுத்துத் தாட்டேன் என்றார் இளையவர். அவர்கள் இன்றுவரை கோயிலில் ஒரு வரிசையில் இருப்பதில்லை. பெறே கோபத்தில் ஒரு சட்டம் போட்டார். தோண்டல் மட்டும் கிடையாது, தோண்ட வருகிறவர் சாப்பாட்டுக்கும் வைனுக்கும் இருந்துதான் போக வேண்டும். விரதகாரர் தொகை கூடக்கூட அவர் மனைவி தொத்திறைச்சியோடு பருப்பும் அவிக்கத் தொடங்கினாள்.

இதெல்லாம் எரிச்சல் பிடித்த சங்கதியாகவே போயிருக்கும், தங்கராஜா வராமல் இருந்திருந்தால். தங்கராஜா அட்லிஸ்வில்லில் இருந்து வந்தவர், தாட்ட வானொலிப் பெட்டியைத் தேடி வந்தவர். நாய் அவர் கையை முகர்ந்துவிட்டு நெடுநேரம் நின்றது. பிறகு மெதுவாக நடந்து ஒரு மரத்தடியில் தோண்டியது. முதலில் வந்தது ஒரு மூக்குக்கண்ணாடி. அது அவருடைய தம்பியின் கண்ணாடி. தம்பியை ஆறேழு வருஷமாகக் காணவில்லை. எங்கேயோ ஒரு சிறையில் மறியலில் இருக்கிறான் என்று குடும்பம் நம்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்த பெறே தொப்பியைக் கழற்றினார், மண்ணைக் கையாலேயே மூடினார். அன்று அவர் யாரையும் சாப்பிட இருக்கச் சொல்லவில்லை. தங்கராஜா வீட்டில் அந்த மாதமே தம்பிக்கு அந்திரட்டிக் கிரியை செய்தார்கள்.

அப்போதுதான் அழகிப்பிள்ளை ஏன் கையைச் செருகிக்கொண்டு போனாள் என்பது மற்றவர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். கலாவதிக்கு விளங்கவில்லை. அழகிப்பிள்ளையின் புருஷன் சண்முகநாதன் 1990இல் அவளோடு சேர்ந்து தையல் மெசினைத் தாட்டுவிட்டு, அவளைத் தோணியில் ஏற்றி, வீட்டைச் சாத்திவிட்டு வாறன், நீ போ என்று சொன்னவர். பிறகு ஒரு தகவலும் இல்லை. அவள் ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன்னால் குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். வைக்கலாமோ கூடாதோ என்று கேட்க ஒருவரும் இல்லை. கடைசியில் நெற்றியில் வைத்துக்கொண்டு வேலைக்கு வருவாள். தையல் மெசின் சும்மா கிடக்குதே, ஒருக்கால் போய் எடுத்தால் என்ன, கைக்கு ஒரு தொழிலாவது ஆகும் என்று கலாவதி இரண்டு வருஷமாக அவளை அரித்தெடுத்தாள். விரிப்பு மடிக்கும்போதும் சொல்வாள், ரயிலுக்கு நிற்கும்போதும் சொல்வாள். ஒரு நாள் அழகிப்பிள்ளை கையில் இருந்த துவாயை மேசையில் அடித்தாள்.

"மண்ணுக்குள்ள என்ர என்ன கிடக்குதெண்டு அந்த நாய்க்குத் தெரியும், கலாவதி. எனக்குத் தெரிய வேண்டாம். விளங்குதோ?"

கலாவதி அன்று வீட்டுக்குப் போய்ப் பத்மநாதனோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தாள், பிறகு அழுதாள்.

1998இல் ஃப்ராவ் ஹூபர் மறுபடியும் அதே சுற்றுலாவை வைத்தார். முதல் தடவை ட்ரஃபிள் முட்டை சாப்பிடக் கிடைக்காதது அவர் மனதில் ஒரு குறையாக இருந்தது. அழகிப்பிள்ளை வரமாட்டாள் என்று கலாவதி எண்ணியிருந்தாள். ஆனால் அவள் நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முதல் வந்து பஸ்ஸில் ஏறினாள். யாரும் கேட்காமலே, எனக்குக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு அலுத்துப்போச்சு என்று மட்டும் சொன்னாள். காட்டில் இறங்கியதும் நேரே நாயிடம் போய்க் கையை விரித்தாள்.

பிஜூ இப்போது கிழட்டு நாய். முகர்ந்தது, தும்மியது, பக்கத்து மேட்டில் தோண்டியது. தையல் மெசின் தலை வந்தது, துரு ஏறாமல், சுற்றிக் கட்டிய சாரம் அப்படியே இருந்தது. அது சண்முகநாதன் இடுப்பில் உடுத்த சாரம். எல்லாரும் கைதட்டினார்கள். ஃப்ராவ் ஹூபர் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்றார். அழகிப்பிள்ளை நாயை விட்டு அசையவில்லை, இன்னும் பார்க்கட்டும் என்றாள். நாய் காட்டைச் சுற்றியது. ஒவ்வொரு மரத்தடியிலும் மூக்கை வைத்தது, எடுத்தது. அவள் பின்னாலேயே நடந்தாள். பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். இல்லத்துச் சமையற்காரர் இருவர் பசியில் பெறேயின் பாணைப் பிய்த்துத் தின்றார்கள். சுவிஸ்காரர்களுக்கு இதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது. ஆனாலும் வயிறு வயிறுதான், அவர்களும் முணுமுணுத்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் ஒரு பெரிய ஓக் மரத்தடியில் நாய் நின்றது. அவள் கையை மறுபடியும் முகர்ந்தது. மெதுவாகத் தோண்டத் தொடங்கியது.

அழகிப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கலாவதி ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தாள். பெறே தொப்பியைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டுக் குழிக்குள் கையை விட்டார். கையை எடுத்தபோது அதில் மண் ஒட்டிய ஒரு கறுப்பு உருண்டை இருந்தது. அவர் அதை மூக்கில் வைத்தார். பிறகு அந்த மனிதர், இரண்டு வருஷமாகத் தன் நாயிடமிருந்து பித்தளையும் தகரமும் தவிர வேறொன்றும் காணாத மனிதர், நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"என்ன அது?" என்று அழகிப்பிள்ளை கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"ட்ரஃபிள், அக்கா," என்றாள் கலாவதி.

"வேற ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை. வடிவாப் பாத்தாச்சு. வெறும் ட்ரஃபிள்."

அவள் கண்ணைத் திறந்து குழியைத் தானும் எட்டிப் பார்த்தாள். வேரும் மண்ணும்தான் இருந்தன. நாய் மரத்தடியில் படுத்துவிட்டது. தேட வேண்டியது முடிந்தது என்று அதன் கிடையிலேயே தெரிந்தது. அழகிப்பிள்ளையின் முகம் சிவந்துகொண்டு வந்தது.

"அப்ப அந்த மனிசன் எங்கயோ நடமாடித் திரியுது," என்றாள். "எட்டு வருஷம். ஒரு கடிதம் போடக் கை வரேல்லை."

கடலில் போனவரையும் நெருப்பில் போனவரையும் மண் அறியாது என்று பத்மநாதன் சொல்ல வாயெடுத்தார். கலாவதி அவர் காலை ஏறி மிதித்தாள். சப்பாத்தோடு மிதித்ததால் அவர் அந்த வசனத்தை அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஃப்ராவ் ஹூபருக்கு ட்ரஃபிள் முட்டை கிடைத்தது. அழகிப்பிள்ளையும் ஒரு பிளேற் தின்றாள், உப்புக் குறைவு என்றாள். நிலவறையில் கவுதாரியின் கண்ணை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, துப்புகிற வாளியை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள்.

திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் சலவை அறைப் பெண்கள் வழக்கம் போலத் தங்கள் புருஷன்மாரைத் திட்டத் தொடங்கினார்கள். கலாவதி பத்மநாதனின் குறட்டையைச் சொன்னாள். போர்த்துக்கல்காரி தன் புருஷனுடைய தாயைச் சொன்னாள். அத்தனை வருஷமும் இந்தக் கதை தொடங்கியவுடனே துணி மடிக்கிற சாட்டில் எழும்பிப் போகிறவள் அழகிப்பிள்ளை. அன்று எழும்பவில்லை. கதிரையை இழுத்து நெருக்கிப் போட்டுக்கொண்டு, என்னுடைய மனிசனுக்கு எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாது என்று ஆரம்பித்தாள். வேலை தொடங்குகிற மணி அடித்தது. இன்னும் முடியவில்லை என்று அவள் கையைக் காட்டினாள். கதவைத் திறந்த ஃப்ராவ் ஹூபர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.