கண்ணாடியில் என் பெயர்

எங்கள் வேனின் முன் கண்ணாடியில் இடப்பக்கம் கீழே, சிவப்பு ஸ்டிக்கரில் என் பெயர் இருக்கும். பிரிஸ்கில்லா. ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண் உயரம். என் அப்பா லூர்துபிரகாஷுக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது.

அந்த வேன் 2007 ஜனவரியிலிருந்து முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றது. தவளக்குப்பம் சந்திப்பில் திரும்பும்போது, சைக்கிளோடு இருந்த அன்பழகன் என்பவரை அப்பா இடித்துவிட்டார். அவருக்குக் கால் முறிந்தது.

"ஆளே இல்ல. எங்கேர்ந்து வந்தான்னே தெரியல," என்று அப்பா போலீஸ் ஸ்டேஷனிலும் சொன்னார், வீட்டிலும் சொன்னார். அன்பழகனோ, "நான் ஓரமா நின்னுக்கிட்டுதான் இருந்தேன். என்னப் பாத்துக்கிட்டே வந்து இடிச்சாரு," என்று எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா குடித்திருந்தார் என்பது அம்மாவின் தீர்ப்பு. அப்பா பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், நானும் நம்பவில்லை. பட்டப்பகலில் ஒரு ஆள் எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போவார்?

அப்பா அதன்பிறகு சாவியைத் தொடவில்லை. நாளெல்லாம் டிவிக்கு எதிரே உட்கார்ந்து, டிவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

நான் அப்போது பிசிஏ இரண்டாம் வருடம். கார் ஓட்டும் கேம்களில் வண்டிகளுக்குப் புதுச் சட்டை மாட்டுவது எனக்குப் பைத்தியம். கேமில் வண்டி என்பது வெறும் கூடு. அதன் மேல் ஒட்டுகிற படத்தை மாற்றினால் வண்டியே மாறிவிடும். கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். கோடை லீவில், இங்கிலாந்துக்காரன் செய்த ஒரு கேமில் எங்கள் வேனைக் கொண்டுவர உட்கார்ந்தேன். அங்கேயும் ஸ்டியரிங் நம்மூர் மாதிரி வலப்பக்கம்தான். அப்பா வீட்டிலேயே ஓட்டட்டும், யாருக்கும் கால் உடையாது.

கண்ணாடிதான் உயிரை வாங்கியது. படத்தோடு கறுப்பு வெள்ளையில் இன்னொரு படமும் சேர்ந்திருக்கும், ஆல்ஃபா சேனல் என்பார்கள். அதில் கறுப்பாக உள்ள இடம் கேமில் ஊடுருவித் தெரியும், வெள்ளையாக உள்ள இடம் மறைக்கும். முதல் தடவை சேமிக்கும்போது ஆல்ஃபாவைத் தொலைத்துவிட்டேன், கண்ணாடி முழுக்க வெள்ளையாக அடைத்துக்கொண்டது.

"என்னாடி இது, சுண்ணாம்பு அடிச்சி வெச்சிருக்க?" என்று அப்பா எட்டிப் பார்த்தார். நான்கு மாதத்தில் அவர் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

சரிசெய்து கொடுத்தேன். இரண்டு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது என் வண்டி இல்ல. உன் பேரு எங்க?"

வாசலுக்குப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, செல்போனில் கண்ணாடியைப் படமெடுத்தேன். உள்ளேயிருந்து பார்க்க என் பெயர் திரும்பித் தெரிந்தது. அதே அளவில், அதே இடத்தில் சிவப்பு எழுத்துகளை வைத்து, ஆல்ஃபாவில் அவற்றை முழு வெள்ளையாக்கினேன். அப்பா உற்சாகமாக ஓட்டினார். ஒரு முனையில் இடப்பக்கம் திரும்பினார். டமார். ஒரு மோட்டார் சைக்கிள் உருண்டு கிடந்தது.

"இது எங்கேர்ந்து வந்துது?"

சொன்னதும் அவர் வாய் அப்படியே நின்றது. ஸ்டேஷனில் சொன்ன அதே வார்த்தை.

"பேர எடுத்துட்டு இன்னொரு வாட்டி போடு," என்றார்.

ஆல்ஃபாவில் என் பெயரின் மேல் கறுப்பைப் பூசிச் சேமித்தேன். அதே தெரு, அதே முனை. மோட்டார் சைக்கிள் முனைக்கு வெகு முன்னாலிருந்தே தெரிந்தது. அது அங்கேயேதான் நின்றிருந்தது. அப்பா பிரேக் போட்டார். சமையலறை வாசலில் அம்மா எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. அப்பாவின் தோளில் கை வைத்தாள்.

அன்று சாயங்காலமே அப்பா பிளேடால் என் பெயரைச் சுரண்டினார். நியாயம்தான் என்று தெரிந்தும் எனக்கு அழுகை வந்தது. பிறகு, "தவளக்குப்பம் போய்ட்டு வந்துடலாம், கூட வா," என்றார்.

"கேஸ் உங்க மேல இறுகிடும்ப்பா."

"இறுகட்டும்."

பஸ்ஸில்தான் போனோம். அன்பழகன் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார், முகம் கடுகடுவென்று இருந்தது. அப்பா உட்காரக்கூட இல்லை. "நீ சொன்னதுதான் நெசம். நீ நின்னுக்கிட்டுதான் இருந்த. நான்தான் கண்ண மறைச்சி வெச்சிருந்தேன்," என்றார்.

அன்பழகன் அப்பாவைத் திட்டவில்லை. உள்ளே திரும்பி, "ஏ தனக்கொடி, இங்க வா," என்று மனைவியைக் கத்திக் கூப்பிட்டார். அந்தம்மா ஈரக்கையோடு வந்து நின்றதும் அப்பாவிடம் சொன்னார்:

"இன்னொரு வாட்டி சொல்லு. இவளும் என்ன நம்பல, கேக்கட்டும்."